பிள்ளைகள் எந்தக் கப்பலில் ஏறினார்கள்?

(பாளையங்கோட்டையில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே,

பம்பாயில் சொந்தக்காரர் இல்லாத குடும்பம் நம் திருநெல்வேலிச் சீமையில் குறைவு. தாராவியில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். 1966-இல் சிவசேனை தொடங்கியபோது அதன் முதல் கோபம் ‘மதராசி’கள்மேல்தான் பாய்ந்தது. அந்நாளில் அடி வாங்கிய கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். தூக்கம் கெட்ட கதையை மட்டும் சொல்லமாட்டார்கள். ஊர்விட்டுப் போனவர்களின் மனம் நோய்ப்படும் அந்தக் கதையைத்தான் இன்று பேசவந்தேன்.

நார்வே மருத்துவர் ஓதகார்ட் 1932-இல் ஒன்றைக் கண்டார். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடியேறிய தம் நாட்டவரிடம், ஊரிலேயே தங்கியவர்களைவிட மனச்சிதைவு நோய் அதிகம்; இல்லாத குரல் கேட்பதும், எண்ணம் குலைவதுமான ‘ஸ்கிசோஃப்ரினியா’ அது. நோய்க்கு ஆளாகும் இயல்புள்ளவர்களே ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள் என்று அவர் முடிவுகட்டினார். வசதியான முடிவு! பழி முழுவதும் போனவன் தலையில்.

2005-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். குடியேறாத மற்றவர்களோடு ஒப்பிட்டால், குடியேறியவர்களுக்கு அந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு, அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு 4.5 மடங்கு. பிள்ளைகள் எந்தக் கப்பலிலும் ஏறவில்லையே! இங்கிலாந்தில் வாழும் கரீபியரிடம் மிகுந்து காணப்படும் நோய், ஜமைக்காவிலும் பார்பேடோசிலும் அப்படி மிகுந்திருக்கவில்லை. நெதர்லாந்தின் தி ஹேக் நகரில், எந்தச் சமூகம் கூடுதலாக ஒதுக்கப்பட்டதோ அதில் நோயும் கூடியிருந்தது. வறுமை, தனிமை, போதை ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. தெற்கு லண்டனில், சிறுபான்மையினர் செறிந்து வாழ்ந்த பகுதிகளில் அவர்களிடையே நோய் குறைவாக இருந்தது. தாராவியில் நம்மவர்கள் ஊர்க்காரர்களாகச் சேர்ந்து குடியிருப்பதை ஏளனம் செய்கிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

இப்போது நம் பக்கம் வருவோம். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்னும் பலர் வாயில் ‘சிலோன்காரர்கள்’தாம். கட்டட வேலையிலும் ஓட்டல் அடுப்படியிலும் நிற்கும் பீகார், ஒடிசா இளைஞர்களுக்கோ பெயரே கிடையாது, எல்லாரும் ‘வடக்கன்’. பம்பாயில் நம்மைக் குத்திய அதே முள்தான். குத்துகிற கை நம்முடையது.

குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் உண்டா என்று மருத்துவர் கேட்கிறார், கேட்கட்டும். வேலையிடத்தில் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள், வாடகைக்கு வீடு தந்தார்களா என்பதையும் கேட்கவேண்டும். அதைக் கேட்க இந்தியும் ஒடியாவும் தெரிந்த ஒருவர் மனநலப் பிரிவில் இருக்கவேண்டும். இந்தக் கூட்டத்தின் சார்பில் மாவட்ட ஆட்சியருக்கு மனு ஒன்று எழுதலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.