கரண்டை எண்ணும் மணிக்கூடு

நேயர்களுக்கு வணக்கம்.

தோட்டத்துப் பங்களாக்களில் சுவரோடு சுவராகத் தொங்கும் பழைய கரண்ட் மணிக்கூட்டைப் பார்த்திருப்பீர்கள். சாவி கிடையாது, பட்டரி கிடையாது, பின்னால் ஒரு வயர் மட்டும். இங்கிலாந்தின் ஸ்மித்ஸ் செக்ட்ரிக் இந்த வகைதான். நம் கரண்ட் விநாடிக்கு 50 சுழற்சி. அதை எண்ணித்தான் உள்ளே இருக்கும் மோட்டார் ஓடுகிறது. 30 காந்தத் துருவங்கள் உள்ள மோட்டார் என்றால் நிமிடத்துக்குச் சரியாக 200 சுற்று. இதற்கு ஊசல் எங்கே என்று கேட்டால், லக்சபான மின்நிலையத்தில் சுழல்கிறது என்றே சொல்லலாம்.

ஆகவே இந்த மோட்டார் ஓடினால் சரியாக ஓடும், இல்லையேல் நின்றுவிடும். மணிக்குச் சரியாக 10 நிமிடம் பிந்தினால் அது 60 சுழற்சிக்குச் செய்த அமெரிக்க மணிக்கூடு. எந்தப் பழுதுபார்ப்பும் அதைத் திருத்தாது. மோட்டார் சுழன்றும் முள் நகராவிட்டால், பெரும்பாலும் நிமிட முள்ளின் அச்சுப் பிடி தளர்ந்திருக்கும்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போய்த் திரும்பி வந்தபின் மணிக்கூடு நின்றே இருந்தால் பதறவேண்டாம். பல வகைகள் தானாகத் தொடங்காது. பின்னாலுள்ள குமிழைச் சுண்டிவிட வேண்டும். தவறான நேரத்தைக் காட்டிக்கொண்டு ஓடுவதைவிட நிற்பது மேல் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். சிலவற்றை எதிர்ப்பக்கம் சுண்டினால் பின்னோக்கி ஓடும்!

சுண்டியும் ஓடாவிட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறவுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. முதலில் வயரைப் பாருங்கள். பழைய ரப்பர் உறை வளைத்தாலே உதிரும். 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டு, பிளக்கில் 3 அம்பியர் பியூஸ் வையுங்கள். உலோகக் கூடு என்றால் மூன்று கம்பி வயர் போட்டு எர்த் கொடுங்கள்.

அடுத்து கொயில், அதாவது மோட்டாரின் கம்பிச் சுருள். மீட்டரில் சில ஆயிரம் ஓம் காட்டினால் நல்லது. ஒன்றும் காட்டாவிட்டால் பெரும்பாலும் அறுந்த இடம் வெளியேதான் இருக்கும்: மயிரிழைக் கம்பி தடித்த வயரோடு சேரும் இடம், ஈரத்தில் பச்சை பூத்திருக்கும். மேல் நாடாவை மெல்லப் பிரித்து, நுனியின் பூச்சைச் சுரண்டி, ரெசின் உள்ள ஈயத்தால் பற்றவையுங்கள். அமிலப் பசை வேண்டவே வேண்டாம். மிச்சத்தையும் அது தின்றுவிடும். உள்ளே அறுந்திருந்தால் புதிதாகச் சுற்றத்தான் வேண்டும்.

இனி எண்ணெய். மலையகத்தில் இந்த மணிக்கூடுகளைக் கெடுப்பது பெரும்பாலும் நல்ல மனதோடு விட்ட தேங்காய் எண்ணெய்தான். 24 பாகைக்குக் கீழே அது உறையும். நுவரெலியாவில் அது பெரும்பாலும் உறைந்தே இருக்கும். கூராகச் சீவிய ஈர்க்கில் மண்ணெண்ணெய் தொட்டு அச்சுத் துளைகளைச் சுத்தம் செய்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஃபைபரால் செய்த பற்சக்கரங்களில் மண்ணெண்ணெய் படக் கூடாது. காய்ந்தபின் தையல் மெஷின் எண்ணெய், ஊசி முனையில் நிற்கும் அளவு, ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு பொட்டு. பற்களுக்கு வேண்டாம், தூசு ஒட்டும்.

மூடியைப் பூட்டிய பிறகே கரண்ட் கொடுங்கள். மெல்லிய உறுமல், கைக்கு இளஞ்சூடு, இரண்டும் இயல்பு. கை வைக்க முடியாத சூடு என்றால் பெரும்பாலும் கொயிலுக்குள் சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டு ஷோர்ட் ஆகியிருக்கும், உடனே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மாட்டும்போது மழையடிக்கும் வெளிச்சுவரைத் தவிர்த்து, பின்னால் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று போகும்.