காது நரம்புக் கட்டிக்குக் கதிர்வீச்சு: கட்டி ஸ்கேனில் தெரிந்தால் சிகிச்சை தோற்றுவிட்டதா?

வணக்கம். நான் சென்னையில் ஆடியாலஜிஸ்டாக, அதாவது காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பவளாக வேலை பார்க்கிறேன் என்பது இந்தச் சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். இன்று காது நரம்பில் வரும் புற்றுநோய் அல்லாத கட்டிக்குச் செய்யப்படும் ரேடியோசர்ஜரி என்ற கதிர்வீச்சுச் சிகிச்சையைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்தச் சிகிச்சையைச் செய்கிறவர்கள் நரம்பியல் அறுவை மருத்துவர்களும் கதிர்வீச்சு மருத்துவர்களும்தான்; என் அறைக்கு நோயாளிகள் அதற்கு முன்பும் பின்பும் வருகிறார்கள். அப்படி வருகிறவர்களில் பலர், சிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தும், “ஸ்கேன்ல கட்டி அப்படியேதானே இருக்கு மேடம்” என்று முகம் வாடி உட்காருவதைப் பார்க்கிறேன். கட்டியை எடுத்துவிடுவது இந்தச் சிகிச்சையின் நோக்கமே இல்லை. அதன் வளர்ச்சியை நிறுத்துவதுதான் நோக்கம். இதை முன்கூட்டியே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதி பயம் குறைந்திருக்கும்.

மூளையிலிருந்து புறப்படும் எட்டாவது நரம்பில் கேட்பதற்கு ஒரு கிளையும் உடலின் சமநிலைக்கு மற்றொரு கிளையும் உண்டு. பெரும்பாலும் சமநிலைக் கிளையின் உறையாக இருக்கும் ஷ்வான் செல்களிலிருந்துதான் இந்தக் கட்டி கிளம்புகிறது. ஆகவே மருத்துவர்கள் இதை வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்கிறார்கள். அகூஸ்டிக் நியூரோமா என்ற பழைய பெயரும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இது புற்றுநோய் அல்ல, உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவாது, வளர்ந்தாலும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் வளரும், சில கட்டிகள் பல ஆண்டுகள் வளராமலே கிடக்கும். சிக்கல் அது இருக்கும் இடத்தில்தான். காதின் உள்ளே போகும் குறுகலான எலும்புக் கால்வாயில் முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பும் இதே நரம்போடு ஒட்டியபடி செல்கிறது; கட்டி கால்வாயைத் தாண்டி உள்ளே வளர்ந்தால் மூளைத்தண்டை அழுத்தத் தொடங்கும்.

இதை எப்படிச் சந்தேகிக்கிறோம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒலி புகாத அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லும் சோதனையில் ஒரு பக்கக் காது மட்டும் ஓரளவு குறைந்திருக்கும். அடுத்து அந்தக் காதில் சொற்களை ஒலிக்கவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னால், “கடல்” என்றதை “மடல்” என்றும் “பல்” என்றதை “கல்” என்றும் சொல்லுவார். சத்தத்தைக் கூட்டினால் தெளிவு கூடுவதற்குப் பதிலாக இன்னும் குழம்பும். சத்தம் கேட்கும் அளவுக்குச் சொல் புரியவில்லை என்றால், கோளாறு நரம்பில் இருக்கலாம் என்று காது மூக்கு தொண்டை மருத்துவருக்கு எழுதி அனுப்புவோம். ஒரு பக்கக் காது மந்தமானாலே கட்டி என்று யாரும் பயந்துவிட வேண்டாம், பெரும்பாலானவர்களுக்குக் காரணம் வேறாகத்தான் இருக்கும். ஆனாலும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்க்காமல் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

கட்டி உறுதியானால் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன: ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பது, ரேடியோசர்ஜரி, மண்டையைத் திறந்து செய்யும் அறுவை. கட்டி 3 சென்டிமீட்டரைத் தாண்டி மூளைத்தண்டை நெருக்கினால் அறுவைதான் முதலில் வரும், அங்கே கதிர்வீச்சைப் பற்றிப் பேசுவதில் அதிகப் பயன் இல்லை. சிறிய, நடுத்தரக் கட்டிகளுக்குத்தான் ரேடியோசர்ஜரி ஒரு உண்மையான தேர்வாகிறது.

சுவீடனைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951-இல் ரேடியோசர்ஜரி என்ற யோசனையை முன்வைத்தார். அதைச் செய்வதற்கான முதல் காமா நைஃப் கருவி 1968-இல் ஸ்டாக்ஹோமில் இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே காது நரம்புக் கட்டிக்கு அதைப் பயன்படுத்தினார். நம் ஊரில், சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கியது 1950-இல் என்பதை வைத்துப் பார்த்தால், ஸ்கேன் என்ற ஒன்றே இல்லாத காலத்து யோசனை இது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

காமா நைஃப் கருவியின் பழைய வகைகளில் 201, புதிய வகைகளில் 192 கோபால்ட்-60 கதிர் மூலங்கள் இருக்கின்றன. அறுபத்து மூவர் திருவிழா அன்று மயிலாப்பூரின் சந்து பொந்துகளிலிருந்து நான்கைந்து பேராகக் கிளம்புகிறவர்கள் மாட வீதியில் வந்து சேரும்போதுதான் நெரிசலாவதைப் போல, ஒவ்வொரு கதிரும் வரும் வழியில் மூளைக்குப் பெரிய பாதிப்பைத் தராமல் வந்து, எல்லாம் சந்திக்கும் இடத்தில் மட்டும் முழு வீரியத்தோடு விழுகின்றன. இதற்காக, மரத்துப்போகும் ஊசி போட்டு, நான்கு திருகுகளால் ஒரு சட்டத்தைத் தலையில் பொருத்துவார்கள். அதைப் பார்த்துதான் வீட்டாருக்கு அழுகை வரும், ஆனால் நோயாளி விழித்துக்கொண்டேதான் இருப்பார். இன்னொரு வகை சைபர் நைஃப். சென்னை அப்போலோவில் 2009-இல் வந்த இந்தக் கருவியில் ரோபோ கை ஒன்று பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தும். சட்டத்துக்குப் பதில் முகத்தின் அளவுக்கு வார்த்த முகமூடி போதும். ஒரே தவணையாகவோ மூன்று முதல் ஐந்து தவணைகளாகவோ செய்வார்கள். எந்தக் கருவி என்பதைவிட, திட்டமிடுகிற குழுவுக்கு இந்தக் கட்டியில் எவ்வளவு அனுபவம் என்பதுதான் முக்கியம் என்பது என் கருத்து.

தொடக்க காலத்தில் கட்டியின் விளிம்புக்கு 16 முதல் 20 கிரே (கதிர் அளவைக் குறிக்கும் அலகு) வரை கொடுத்தார்கள். கட்டி அடங்கியது, ஆனால் முகம் கோணுவதும் மரத்துப்போவதும் கணிசமாக இருந்தன. இப்போது ஒரே தவணையில் 12 அல்லது 13 கிரேதான் வழக்கம்; அந்த அளவிலும் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கட்டிகள் அடங்கிவிடுகின்றன, முக நரம்பு 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பழுதில்லாமல் இருக்கிறது. கதிர் கட்டியின் செல்களைப் பிரிந்து பெருகவிடாமல் செய்கிறது, அதன் சிறு ரத்தக் குழாய்களை மெல்ல அடைக்கிறது. இதெல்லாம் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் நடப்பவை.

ஆறாவது மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டு வரை பல கட்டிகள் முதலில் வீங்கிக் காட்டும். கான்ட்ராஸ்ட் ஸ்கேனில் அதன் நடுப்பகுதி கறுத்துத் தெரியும். பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளில் பெரும்பாலானவை பழைய அளவுக்கோ அதற்குக் கீழேயோ வந்துவிடும். இடையில் ஒரு ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு “பெருசாயிடுச்சு” என்று அறுவைக்கு ஓடுவது தேவையற்ற அவசரம். அதேசமயம் புதிதாகத் தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம் வந்தால் அது காத்திருக்கும் விஷயம் அல்ல. மூளையில் நீர் தேங்குகிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். கதிரால் இந்தக் கட்டி புற்றாக மாறுவது மிக மிக அரிது. இரண்டு காதிலும் கட்டி வரும் நியூரோஃபைப்ரோமடோசிஸ் 2 உள்ளவர்களும் இளம் வயதினரும் மட்டும் அதைப் பற்றி மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும்.

இனி என் துறைக்கு வருகிறேன். கேட்கும் திறனைக் காப்பாற்றுவதற்காக ரேடியோசர்ஜரி செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடன்பாடு இல்லை. உட்காதின் நத்தைக்கூட்டுக்குப் போகும் கதிரை 4 கிரேக்குக் கீழே வைக்க முயல்கிறார்கள், அது நல்லதுதான். இருந்தாலும், நன்றாகக் கேட்ட காதிலும் ஆண்டுகள் போகப் போகக் கேட்பு குறைகிறது, பத்து ஆண்டுகளில் பயன்படும் அளவுக்குக் கேட்பவர்கள் சிறுபான்மையே. நார்வேயில் 100 பேரிடம் செய்து 2023-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: உடனே கதிர் பெற்றவர்களின் கட்டி நான்கு ஆண்டுகளில் சராசரியாகச் சற்றுச் சுருங்கியது, காத்திருந்தவர்களின் கட்டி ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது, ஆனால் கேட்புக் குறைவில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. காத்திருந்த 50 பேரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்த நான்கு ஆண்டுகளில் கதிரே தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஏற்கெனவே போன கேட்பு திரும்பாது, காது இரைச்சலும் நிற்கும் என்று உறுதி தர முடியாது. ஒரு காது போனால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது பிடிபடாது. அண்ணா சாலையைக் கடக்கும்போது ஹார்ன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். கேட்காத பக்கத்து ஒலியை நல்ல காதுக்கு அனுப்பும் கிராஸ் வகைக் கருவி உரையாடலுக்கு உதவும், திசையை அது மீட்டுத் தராது. தள்ளாட்டத்துக்குச் சமநிலைப் பயிற்சிகள் உண்டு, அவற்றைத் தவறாமல் செய்பவர்களுக்கு நல்ல பலன் தெரிகிறது.

சிகிச்சைக்குப் பிறகு ஒவ்வொரு ஸ்கேனையும் அதற்கு முந்தையதோடு மட்டும் ஒப்பிடாமல், கதிர் கொடுத்த நாளின் ஸ்கேனோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அதற்கு அறிக்கைத் தாள் போதாது; எம்.ஆர்.ஐ. படங்கள் பதிந்த சி.டி. தட்டையும், முதல் ஆடியோகிராமையும் (கேட்புச் சோதனையின் வரைபடம்) ஒரே ஃபைலில் போட்டு ஒவ்வொரு முறையும் கையோடு எடுத்து வாருங்கள்.