இரண்டாம் ஆண்டில் மாறிக்கொள்ளலாமா?

அகில இந்திய வானொலி புதுச்சேரி நிலையத்தின் நேயர்களுக்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளிவந்து, இங்கே புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக்கின் தரவரிசைப் பட்டியலும் அங்கே கடலூர்ப் பக்கத்தில் பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் கணக்கும் வீட்டுக்கு வீடு பேச்சாக இருக்கும் மாதங்களில், ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியன் என்பதால் என்னைத் தேடி வரும் பெற்றோர் பலர் உண்டு. அவர்கள் கேட்பவற்றில் ஒரு கேள்வி சில ஆண்டுகளாக அடிக்கடி வருகிறது. “சார், இப்போதைக்குக் கிடைத்த இடத்தில் சேர்த்துவிடுகிறோம். ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் ஐஐடிக்கோ டெல்லிக்கோ மாற்றிக்கொள்ளலாம் இல்லையா?” என்பதே அக்கேள்வி. இன்றைய உரையில் அதற்கு மட்டும் விடை சொல்ல முயல்கிறேன்.

பெரும்பாலும் முடியாது என்பதுதான் சுருக்கமான விடை. அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் ஓரிரு ஆண்டுகள் படித்த மாணவர், அங்குப் பெற்ற மதிப்பெண்களையும் பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களையும் காட்டி, வேறொரு பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ சேர விண்ணப்பிக்கும் முறை நெடுங்காலமாக உள்ளது. உறவினர் வாய்மொழியாக அதைக் கேள்விப்பட்டவர்கள், அதே ஏற்பாடு இங்கும் இருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். நம் நாட்டிலோ போட்டி மிகுந்த நிறுவனங்களின் ஒவ்வோர் இடமும் ஒரு குறிப்பிட்ட ஆண்டின் நுழைவுத் தேர்வுத் தரவரிசைக்கும் இட ஒதுக்கீட்டு வரிசைக்கும் கட்டுப்பட்டு நிரப்பப்படுகிறது. முதலாண்டின் நடுவில் ஒருவர் விலகிச் சென்றாலும், அந்த இருக்கை அவ்வகுப்பு பட்டம் பெறும் நாள்வரை வெறுமையாகவே கிடக்குமே தவிர, வேறு கல்லூரியிலிருந்து ஒருவரை அழைத்து அதில் உட்காரவைக்கும் வழக்கம் அநேகமாக இல்லை.

தேசியக் கல்விக் கொள்கை 2020இல் வந்ததும், அதையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல், தேறிய பாடங்களுக்குரிய புள்ளிகளான கிரெடிட்டுகளைச் சேமித்துவைக்கும் கிரெடிட் வங்கியை அமைத்ததும் இந்த நிலையை மாற்றிவிட்டன என்று சிலர் சொல்கிறார்கள். ஓரிடத்தில் படித்து ஈட்டிய கிரெடிட்டுகளை மற்றோர் இடத்தில் கணக்கில் சேர்த்துக்கொள்ள அந்த ஏற்பாடு இடமளிப்பது உண்மைதான். ஆனால் கிரெடிட்டைப் பாதுகாத்து வைக்கும் கணக்கு ஒன்று இருப்பது வேறு, நீங்கள் விரும்பும் நிறுவனம் உங்களைச் சேர்த்துக்கொள்வது வேறு. சேர்க்கை பற்றிய முடிவு அந்தந்த நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது.

உண்மையில் நடக்கும் மாற்றங்கள் சில உள்ளன. ஒரே பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்கும் இரண்டு கல்லூரிகளுக்கிடையே, காலியிடம் இருந்து, இரு தரப்பும் தடையில்லாச் சான்று கொடுத்தால் மாறிக்கொள்ள விதிகள் அனுமதிக்கின்றன. பெற்றோரின் பணி மாறுதல், உடல்நலம் போன்ற காரணங்களுக்கே இது பெரும்பாலும் பயன்படுகிறது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், பி.எஸ்சி. பட்டதாரிகளுக்கும் அந்த வழி உண்டு. இவற்றில் எதுவும் கனவுப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பாதையன்று. ஆகவே ‘மாற்றிக்கொள்வது’ என்று பெற்றோர் சொல்வதன் நடைமுறைப் பொருள், நுழைவுத் தேர்வை மறுபடி எழுதி, தேறினால் படித்த ஆண்டை விட்டுவிட்டு, புதிய இடத்தில் முதலாண்டு மாணவராகத் தொடங்குவதே.

அப்படித் தொடங்குவதில் தவறில்லை. நாற்பது ஆண்டு உழைக்கப்போகிற ஒருவருக்கு ஓராண்டு பெரிய இழப்பன்று. பெண்பிள்ளைகளுக்கு மட்டும் அந்த ஓராண்டை மறுக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. ஆனால் எந்தத் தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்ற கணக்கைச் சேர்வதற்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். நெல்லிக்குப்பத்தைச் சேர்ந்த ஒரு மாணவர், தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாண்டை முடித்தவர், இரண்டாம் ஆண்டில் நிதானமாகத் தயாராகி ஐஐடிகளுக்கான நுழைவுத் தேர்வாகிய ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதப்போவதாகச் சொன்னபோது, இனி அவரால் அத்தேர்வை எழுதவே இயலாது என்பதை நான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய கட்டமான ஜேஇஇ மெயின் தேர்வைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எழுதலாம். அட்வான்ஸ்டு தேர்வையோ பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் ஆக இருமுறைதான் எழுதலாம். மெயின் தேர்வின் விதியை அவர் இரண்டுக்கும் பொருத்திக்கொண்டிருந்தார். 2024 நவம்பரில் அட்வான்ஸ்டு வாய்ப்பை மூன்றாக உயர்த்தி, அதே மாதத்திலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றதும் பலரைக் குழப்பிவிட்டது. மேலும், ஏற்கெனவே ஓர் ஐஐடியில் இடத்தை ஏற்றுக்கொண்டவர், அதைவிடப் பெரிய ஐஐடி வேண்டும் என்று மறுபடி எழுதவும் முடியாது.

நீட் தேர்வுக்கு இத்தனை முறைதான் என்ற வரம்பு இல்லை. அதுவே சில குடும்பங்களுக்கு வேறு வகைச் சோதனையாகிவிடுகிறது. மூன்றாம் முறை, நான்காம் முறை என்று ஆண்டுகள் ஓடுகின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் நடக்கும் க்யூட் தேர்வை, வேறிடத்தில் முதலாண்டு படித்துக்கொண்டே எழுதுவோர் இருக்கிறார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கும் அதுதான் வழி. நம் காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலைப் படிப்புகளுக்கும் அதுதான் வழி.

இந்த விதிகளையெல்லாம் விட முக்கியமானதாக நான் கருதுவது, முதலில் சேரும் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் விதம். “எப்படியும் ஒரு வருஷம்தானே” என்ற நினைப்போடு தேர்ந்தெடுக்கும்போது, அக்கல்லூரியை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. சேர்ந்த மாணவரும் மூட்டையை அவிழ்க்காமல் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பவரைப் போல அங்கே இருக்கிறார். வகுப்பில் நண்பர் இல்லை, ஆசிரியருக்கு அவர் முகம் தெரியாது, முதல் செமஸ்டரில் இரண்டு தாள்கள் அரியர். மறுதேர்வில் எதிர்பார்த்த தரவரிசை வராமல்போனால், அதுவரை தங்குமிடமாக மட்டுமே நினைத்த கல்லூரியில், சரிந்த மதிப்பெண்களோடு மூன்று ஆண்டுகளைக் கழிக்க வேண்டியிருக்கிறது. மறுபடி எழுதுவோரில் பெரும்பாலோர்க்குக் கனவு நிறுவனம் கிடைப்பதில்லை என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. எனவே, மாறவே முடியாது என்று வைத்துக்கொண்டாலும் முழுப் படிப்பையும் மனமொப்பிப் படித்து முடிக்கக்கூடிய கல்லூரி எதுவோ, அதில்தான் சேர வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க விளம்பரப் பலகைகள் உதவா. 2016 முதல் ஆண்டுதோறும் வரும் தேசியத் தரவரிசைப் பட்டியல் ஓரளவு உதவும். ஆயினும் அதன் ஒட்டுமொத்தப் பட்டியலில் நூற்றுக்கு முப்பது மதிப்பெண் ஆய்வுப் பணிகளுக்கே போகிறது என்பதையும், முதலாண்டு பி.எஸ்சி. மாணவருக்கு அந்த ஆய்வுக்கட்டுரைகளால் உடனடிப் பயன் இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதைவிட, சேர்க்கை நாள் பரபரப்பு ஓய்ந்த ஒரு வேலை நாளில் கல்லூரிக்கு நேரில் போய்வருவது நல்லது. அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர் என்று கேளுங்கள். கௌரவ விரிவுரையாளர்களில் மிகச் சிறந்த ஆசிரியர்களை நான் அறிவேன். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறும் துறையில் பரிந்துரைக் கடிதம் எழுதுமளவுக்கு மாணவரை அறிந்தவர் யாரும் இருக்கமாட்டார். ஆய்வகம் பூட்டியிருக்கிறதா, நூலகம் மாலை எத்தனை மணிவரை திறந்திருக்கிறது, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அடுத்து எங்கே படிக்கப் போகிறார்கள் என்பதையெல்லாம் அலுவலகத்தில் கேட்பதைவிட, மரத்தடியில் நிற்கும் மாணவர்களிடம் கேட்டால் உண்மை கிடைக்கும்.

தூரத்தையும் கணக்கிட வேண்டும். கடலூரிலிருந்து புறப்பட்டுப் புதுச்சேரியில் பேருந்து மாறிக் காலாப்பட்டுக்கு நாள்தோறும் போய்வரும் மாணவருக்கு, ஒரு நாளில் மூன்று மணி நேரமாவது சாலையிலேயே போய்விடுகிறது. நுழைவுத் தேர்வுக்கு மறுபடி தயாராக நினைப்பவருக்கு அந்த மூன்று மணி நேரமே எல்லாம். மஞ்சக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ உள்ள கல்லூரி, பெயரில் சற்றுக் குறைவாகத் தோன்றினாலும், அவருக்கு அதிகம் பயன்படக்கூடும்.

கனவு என்று சொல்கிறோமே, அந்த நிறுவனத்தில் எதை விரும்புகிறோம் என்பதையும் பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கலாம். பெயரையா, சம்பளத்தையா, அங்குள்ள ஆசிரியர்களையா, தன்னைப் போலவே கணக்கில் பைத்தியமாக இருக்கும் நண்பர்களையா? கடைசி இரண்டும்தான் காரணம் என்றால் அந்தப் பிள்ளைக்காக எவ்வளவு சிரமப்பட்டாலும் தகும் என்பது என் கருத்து. பெயர்தான் காரணம் என்றால், அதை இளநிலையில்தான் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இங்கேதான் பலரும் கவனிக்காத வழி இருக்கிறது. ஜேஇஇ மெயின் எழுதுவோர் பத்து லட்சத்துக்கும் மேல், பி.எஸ்சி. முடிப்பவர்கள் ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர்வதற்கு எழுதும் ஜாம் தேர்வை எழுதுவோர் ஒரு லட்சத்துக்கும் குறைவு. இடங்களும் குறைவுதான் என்றாலும், மூன்று ஆண்டுகள் இயற்பியலையோ கணிதத்தையோ வேதியியலையோ ஊன்றிப் படித்த ஒரு மாணவர், எந்த ஊர்க் கல்லூரியிலிருந்து வந்தாலும், அங்கே சம நிலையில் போட்டியிட முடியும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த முனைவர் பட்டப் படிப்புக்கும் ஜாம் தேர்வு வழியாகச் செல்லலாம். பொறியியல் மாணவருக்கு முதுநிலைப் படிப்புக்கான கேட் தேர்வு இருக்கிறது. மூன்றாம் ஆண்டிலேயே எழுத அனுமதிக்கிறார்கள். மேலாண்மைக்கு கேட் என்றே ஒலிக்கும் இன்னொரு தேர்வு உள்ளது. நேயர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலைக்கு முதுநிலை க்யூட் இருக்கிறது.

முதுகலை வரை காத்திருக்க மனமில்லாதவர்களுக்கும் சில ஏற்பாடுகள் உள்ளன. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகம் வேறு, இந்திய அறிவியல் அகாடமி வேறு. பின்னதாகிய அகாடமி, மற்ற இரு தேசிய அறிவியல் அகாடமிகளுடன் சேர்ந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை வழங்குகிறது. தேர்வானவர் ஒரு புகழ்பெற்ற நிறுவனத்தின் ஆய்வகத்தில் இரண்டு மாதம் பணியாற்றலாம். கனவு நிறுவனத்தின் அன்றாட வாழ்க்கை எப்படி என்று உள்ளிருந்தே பார்க்கவும் அது உதவும். சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். பட்டத்துக்கு ஜேஇஇ தேவையில்லை. தகுதித் தேர்வு ஒன்றில் தேறினால் போதும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கலாம் என்று மானியக் குழு 2022இல் அனுமதித்திருப்பதால், கடலூரில் பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டே அதையும் படிக்க இயலும். சுமை கூடுதல்தான், முதல் செமஸ்டர் மதிப்பெண்களைப் பார்த்தபின் முடிவெடுப்பது நல்லது.

பெரியவர்களின் வாழ்க்கையை ஆறுதலுக்காக எடுத்துக்காட்டுவதில் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. ஆயினும் நம் சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் படிப்பு வரலாறு இந்த விஷயத்துக்கு நேராகப் பொருந்துகிறது. அவருக்கு ஐஐடியிலும் இடம் கிடைக்கவில்லை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் கிடைக்கவில்லை. வளர்ந்த ஊரான பரோடாவின் பல்கலைக்கழகத்திலேயே இயற்பியலில் பி.எஸ்சி. படித்தார், ஒஹையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். அதன் பிறகு உயிரியல்தான் தனக்கு வேண்டும் என்று முடிவு செய்து, சான் டியகோவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் பட்டமேற்படிப்பு மாணவராகச் சேர்ந்தார். உயிரணுக்களில் புரதத்தை உருவாக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பரிசை விட்டுவிடுங்கள். முனைவர் பட்டத்துக்குப் பிறகும் ஒருவர் தன் பாடத்தையே மாற்றிக்கொண்டு மாணவராக உட்கார முடிந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வெளிநாட்டைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மாறுதல் முறை இருக்கிறது என்றேன். ஆனால் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் அவ்வழியாகச் சேர்வோர் மிகமிகச் சிலரே. பிரின்ஸ்டன் 1990இல் அம்முறையை நிறுத்திவைத்து 2018இல்தான் மறுபடி தொடங்கியது. ஹார்வர்டில் மாறி வருபவர் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது அங்கேயே படித்தாக வேண்டும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகங்கள் அம்மாநிலத்தின் ஈராண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரிகளின் மாணவர்களுக்கே முன்னுரிமை தருகின்றன. முதலாண்டில் சேரும் வெளிநாட்டு மாணவருக்குக் கிடைக்கும் நிதியுதவி, மாறி வருபவருக்கும் அப்படியே கிடைக்கும் என்று நம்பிப் பயணச்சீட்டு எடுத்துவிடக் கூடாது. நம் ஊரின் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு பிரான்ஸ் செல்லும் தனி வழி உண்டு. அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியது எதுவுமில்லை.

முடிவாக ஒன்று: சேர்ந்த கல்லூரியை விட்டு விலகுவதென்றால், நாளைக் கவனியுங்கள். மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதியின்படி, சேர்க்கையின் கடைசி நாளாக அறிவிக்கப்பட்ட தேதிக்குப் பதினைந்து நாள்களுக்கு முன்பே விலகினால், சிறு கழிவு போகக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். அத்தேதி கடந்து முப்பது நாள் ஆகிவிட்டால் ஒன்றும் கிடைக்காது. இடைப்பட்ட நாள்களுக்கு 90, 80, 50 விழுக்காடு என்று படிப்படியாகக் குறையும். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்க நிறுவனத்துக்கு உரிமையில்லை என்றும் அதே அறிவிப்பு சொல்கிறது. யாரேனும் தர மறுத்தால் அதைக் காட்டி எழுத்தில் கேளுங்கள். மருத்துவக் கலந்தாய்வில் கடைசிச் சுற்றுகளில் பெற்ற இடத்தை விடுவதற்குத் தனித் தடைகளும் தண்டத்தொகையும் உள்ளதால், அந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டைப் படிக்காமல் விலகல் கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம். மாற்றுச் சான்றிதழ், நடத்தைச் சான்று, எழுதிய செமஸ்டர்களின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை விலகும் அன்றே பெற்றுக்கொள்ளுங்கள். கல்வி உதவித்தொகை வாங்கியிருந்தால், புதிய கல்லூரியில் அது தொடருமா என்று பழைய கல்லூரியின் அலுவலகத்திலேயே கேட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

வணக்கம்.