ரொட்டிக்காரி சலீமாவும் வாய் திறக்காத முனீராவும்

நேயர்களுக்கு வணக்கம்.

இராக் என்றதும் போர், எண்ணெய், சதாம் என்றுதான் நம் மனம் ஓடும். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது அந்த நாட்டு நாவல்களுக்குள் இருக்கும் பெண்களைப் பற்றி. ரொட்டி சுட்டு விற்கிறவள், கணவன் விட்டுப்போனவள், பிள்ளை பெறாதவள், பைத்தியம் என்று தெருவே பெயர் வைத்தவள். இப்படி ஒருத்தி கதையில் வருகிறாள் என்பதாலேயே அவள் குரல் கேட்டுவிட்டது என்று ஆகாது. அவள் பேசுகிறாளா? யாரிடம் பேசுகிறாள்? குறுக்கே விழுந்து அவள் பேச்சை அறுப்பது யார்? படிக்கும்போது இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டே வாருங்கள். இதையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

முதலில் சலீமா. காயிப் தூமா ஃபர்மான் 1966-ல் வெளியிட்ட ‘பேரீச்ச மரமும் அண்டை வீட்டாரும்’ நாவலின் ரொட்டிக்காரி. இராக்கின் முதல் முழுமையான நாவல் இதுதான் என்று பல விமர்சகர்கள் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலம், பாக்தாதில் பிரிட்டிஷ் படை, எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. சலீமா விதவை. தந்தூர் அடுப்பில் வெந்து சேர்த்த காசு அவளிடம் கொஞ்சம் இருக்கிறது. அந்தக் காசைக் குறிவைத்து முஸ்தபா என்று ஒருவன் வருகிறான். நவீன ரொட்டிக்கடை வைக்கலாம், கூட்டுச் சேரலாம் என்று ஆசை காட்டிப் பணத்தைக் கறந்துவிடுகிறான்.

கதையைச் சொல்கிறவர் ஆசிரியர்தான். ஆனால் சலீமா வாய் திறந்தால் பாக்தாத் தெருப்பேச்சு அப்படியே வருகிறது. இதன் கனம் கொஞ்சம் விளங்க வேண்டும். அரபு இலக்கியத்தில் செந்நடைக்குத்தான் மரியாதை. அந்தக் காலத்தில் பேச்சு வழக்கை அச்சில் ஏற்றினால் முகம் சுளித்த பண்டிதர்கள் உண்டு. படிப்பில்லாத ஒரு ரொட்டிக்காரியைச் செந்நடையில் பேசவைத்தால் அது அவள் பேச்சாக இருக்காது, ஆசிரியர் பேச்சாகிவிடும். ஃபர்மான் அதைச் செய்யவில்லை. இருந்தாலும் முடிவு கைக்கு வரும்போது கதை அவள் கணவனின் மகன் ஹுசேனிடமும் அவன் கத்தியிடமும் போய்விடுகிறது. சலீமா ஓரத்துக்குப் போய்விடுகிறாள். பல நல்ல நாவல்களிலும் நடக்கிற சறுக்கல் இது. தொடக்கத்தில் பெண்ணின் குரல் இருக்கும், முடிவை ஆணின் செயல் எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது முனீரா. இவளைப் பற்றிக் கொஞ்சம் அதிக நேரம் பேசத்தான் போகிறேன்.

ஃபுவாத் அல்-தகர்லியின் ‘நெடுந்தூரத் திரும்பல்’ 1980-ல் பெய்ரூத்தில் வெளிவந்தது. தகர்லி தொழிலால் நீதிபதி. அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை நடப்பது 1962-63-ல், பாக்தாதின் பழைய பாபுஷ் ஷைக் பகுதியில், பல தலைமுறை ஒன்றாக வாழும் ஒரு வீட்டில். பகூபா நகரிலிருந்து தாயோடு அந்த வீட்டுக்கு வந்து சேருகிறாள் முனீரா என்ற ஆசிரியை. அவளைக் கெடுத்தவன் அவள் அக்காள் மகன் அத்னான், அரசியல் அடியாள் கும்பலோடு திரிகிறவன். அந்த வீட்டு மகன் மித்ஹத் அவளை விரும்பி மணக்கிறான். கல்யாணத்துக்கு முன் அவள் எதையும் சொல்லவில்லை. முதலிரவில் அவனுக்குத் தெரிந்துவிட, வீட்டை விட்டுப் போய்விடுகிறான்.

நாவல் கட்டப்பட்டிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு பகுதியும் வீட்டில் ஒவ்வொருவர் பக்கத்திலிருந்து வருகிறது. ஒரே வீட்டை ஒருவர் மாற்றி ஒருவர் பார்க்கிறார்கள். எல்லோரும் முனீராவைப் பற்றிப் பேசுகிறார்கள், ஊகிக்கிறார்கள், ஆசைப்படுகிறார்கள். அவள் மட்டும் வாய் திறப்பதில்லை. பிறகு அவளுடைய பகுதி வருகிறது. ‘நான்’ என்று அவளே சொல்கிறாள். கேட்பதற்கு வீட்டில் ஆள் கிடையாது, வாசகர் ஒருவர்தான் சாட்சி. எத்தனையோ சாட்சிகளின் பேச்சைக் கேட்டுப் பழகிய நீதிபதி, எந்த நீதிமன்றத்துக்கும் போகாத வழக்கை இப்படி எழுதிவைத்தார்.

1959-லேயே, மன்னராட்சியைக் கவிழ்த்து வந்த பிரதமர் காசிமின் அரசு குடும்பச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது, 188-ஆம் எண் சட்டம். பலதார மணத்துக்குக் கட்டுப்பாடு, வாரிசுரிமையில் பெண்ணுக்குச் சம பங்கு. 1963-ல் பாத் கட்சி, பின்னாளில் சதாம் தலைமையேற்ற கட்சி, காசிமைக் கவிழ்த்த பிறகு அந்தச் சம பங்கை எடுத்துவிட்டார்கள். சட்டம் இருந்த நாட்களிலும் முனீராவுக்குப் போய் முறையிட ஓர் இடம் இல்லை.

மித்ஹத் மனம் மாறித் திரும்பி வரும்போது தெருவில் கவிழ்ப்புச் சண்டை நடக்கிறது. குண்டடிபட்டுச் செத்துப்போகிறான். இதை வைத்து முனீராதான் இராக், அத்னான்தான் பாத் கட்சி என்று எழுதிய விமர்சகர்கள் உண்டு. நாவலில் அதற்கு இடமும் இருக்கிறது. எனக்கு அதில் தீராத வருத்தம். ஒருத்தியை நாடாக மாற்றிய மறுகணம் அவள் உடம்புக்கு நேர்ந்தது மறந்துபோகும். ஈரான் போர்க் காலத்தில், 1980 முதல் 1988 வரை, அரசு ஊக்குவித்த போர்க்கதைகளும் இதையேதான் செய்தன. அங்கே பெண் என்றால் வீரனின் தாய், காத்திருக்கும் மனைவி. தாய்நாட்டின் உருவம். அவளுக்கென்று ஒரு கோபம்கூட அனுமதியில்லை.

அதே போர் நடந்துகொண்டிருந்தபோது 1986-ல் ஆலியா மம்தூஹ் ‘அந்துருண்டை’ என்ற நாவலை வெளியிட்டார், நாட்டை விட்டு வெளியேறிய பிறகு. முந்தைய தலைமுறையின் பாக்தாத், அதமிய்யா பகுதி. சிறுமி ஹுதா. காசநோய்க்காரத் தாய், காவல் அதிகாரியான தந்தை, வீட்டைத் தாங்கும் பாட்டி. ஹுதா ஒரு பத்தியில் ‘நான்’ என்கிறாள், அடுத்த பத்தியில் தன்னையே ‘நீ’ என்கிறாள். வீடு முழுக்க அவளை ‘நீ அப்படிச் செய்யாதே, இங்கே வா’ என்று அதட்டிக்கொண்டே இருக்கிறது அல்லவா? அந்த அதட்டலைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொள்கிறாள் பெண். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்று கேட்கச் சொன்னேனே, இந்த நாவலில் இரண்டுக்கும் பதில் ஹுதாதான்.

தடைக்காலத்தைத் தொடுகிறேன். 1990-ல் ஐ.நா. இராக் மீது விதித்த பொருளாதாரத் தடை பாக்தாதின் அடுக்குமாடி வீடுகளை எப்படிக் காயவைத்தது என்பதை பதூல் குதைரியின் ‘காயிப்’ நாவல் காட்டுகிறது; ‘காயிப்’ என்றால் இல்லாதவன். குறி சொல்கிறவள், தையல்காரி, நோயாளியான செவிலி என்று ஒரே கட்டடத்தில் எத்தனையோ பெண்கள். மூத்த மகன் பெயரால் அழைக்கிற வழக்கமுள்ள ஊரில், கதை சொல்லும் பெண்ணின் பிள்ளை பெறாத சித்திக்கு ‘இல்லாதவனின் தாய்’ என்று பெயர். அகமது சஅதாவியின் ‘பாக்தாதில் பிராங்கன்ஸ்டைன்’ 2013-ல் வந்தது. அதில் எலிஷ்வா என்ற கிறிஸ்தவக் கிழவி, போருக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கிறாள். சிலர் அவளைப் பைத்தியம் என்று ஒதுக்குகிறார்கள். அவள் புனித ஜார்ஜ் படத்தோடு பேசுகிறாள். அவளிடம் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: யாரிடம் பேசுகிறாள்? ஒரு படத்திடம்.

இன்ஆம் கச்சாச்சியின் ‘அமெரிக்கப் பேத்தி’யைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். நேரம் இறுக்குகிறது. அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளராக வரும் ஸெய்னா, தன் கதையை எழுதும் ஆசிரியையோடே சண்டை போடுகிறாள்: என்னை உன் விருப்பப்படி எழுதாதே என்று. இதைவிட நேராக எப்படிக் கேட்க முடியும்?

கடைசியாக, வட இராக்கின் சிறுபான்மை மதத்தவரான யஸீதிப் பெண்கள். 2014 ஆகஸ்டில் சிஞ்சாரில் ஐ.எஸ். படை பிடித்துப்போய் விற்ற பெண்களைப் பற்றி துன்யா மிகாயில் முதலில் வாய்மொழிகளைத் தொகுத்தார், பிறகு 2020-ல் ‘பறவைப் பச்சைகுத்து’ என்ற நாவலாகவும் எழுதினார். இந்தப் பெண்களின் தாய்மொழி குர்மாஞ்சி என்ற குர்திய மொழி, நாவல் அரபியில். அவர்கள் சொன்னது முதலில் வேறு மொழிக்கு மாறி, பிறகுதான் கதையாகிறது. அந்த இரண்டு கட்டத்தில் எது கழிந்துபோகிறது என்பதற்குத் தனியாக ஒரு உரை வேண்டும். இப்போது நேரமில்லை. வணக்கம்.