குழந்தை மல்லாந்தே உறங்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

பிறந்த குழந்தையை எப்படிப் படுக்க வைப்பது? மல்லாத்தித்தான். இரவுத் தூக்கமானாலும் சரி, பகலில் சற்றே கண்ணயர்ந்தாலும் சரி. நலமாக இருந்த குழந்தை காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோவதைத் திடீர் சிசு மரணம் என்கிறோம். மல்லாத்திப் படுக்க வைப்பது அந்த ஆபத்தைக் குறைக்கும். ஆனால் மல்லாத்தச் சொன்னதும் பெற்றோர் முகத்தில் கலக்கம் தெரியும். "பால் கக்கினால் புரையேறிவிடாதா, டாக்டர்?" என்பார்கள். பிள்ளைமேல் உள்ள பாசத்தில் பிறக்கும் பயம் அது. நிதானமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

உங்கள் கழுத்தின் முன்பக்கத்தில் விரலை வைத்துப் பாருங்கள். கெட்டியாகத் தட்டுப்படுவது மூச்சுப் பாதை. உணவுக்குழாய் அதற்குப் பின்னால் இருக்கிறது. குழந்தை மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. எதிர்க்களித்து வரும் பால் மேல்நோக்கி ஏறினால்தான் மூச்சுக்குழாய்க்குள் போக முடியும். குப்புறப் போட்டால் இரண்டும் தலைகீழாகிவிடும். பால் மூச்சுக்குழாயின் வாயருகே வந்து தேங்கும். ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் வேண்டாம், எளிதில் குப்புறச் சரிந்துவிடும்.

மருத்துவர்களே குப்புறப் போடச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அது தவறு என்பதை 1980களின் இறுதியில் நியூசிலாந்திலும் வேறு நாடுகளிலும் நடந்த ஆய்வுகள் காட்டின. மல்லாத்திப் படுக்க வைக்கச் சொல்லும் இயக்கம் பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் தொடங்கியது. பத்தாண்டுகளுக்குள் திடீர் சிசு மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. புது மருந்து எதுவும் வரவில்லை. படுக்கும் விதம்தான் மாறியது. இது முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

அடுத்தது படுக்கை. முகம் மெத்தையில் புதைந்தால், குழந்தை தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். நமக்கென்றால் உடனே விழிப்புத் தட்டும். சில குழந்தைகளுக்கு அந்த விழிப்பு வருவதில்லை. ஆகவே மெத்தை கெட்டியாக, சமதளமாக இருக்கட்டும். அதன்மேல் இழுத்துப் பொருத்திய விரிப்பு ஒன்று போதும். தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். வெறுமையாகத்தான் தெரியும், அப்படியே விடுங்கள். குறைந்தது முதல் 6 மாதங்களாவது உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்க வையுங்கள். இந்த மரணங்கள் அதிகம் நேர்வது 2 முதல் 4 மாதங்களுக்குள். சோபாவில் குழந்தையை அணைத்தபடி நீங்களும் உறங்கிவிடுவது மிகமிக ஆபத்து.

வீட்டில் யாரும் புகைக்கக் கூடாது. தாய்ப்பால் காப்பு. உடம்பு சூடேறுகிறதா என்று அறியக் கைகால்களைத் தொடாதீர்கள், அவை சில்லென்றே இருக்கும். பிடரியைத் தொடுங்கள், வியர்வை பிசுபிசுத்தால் ஓர் உடுப்பைக் கழற்றிவிடுங்கள்.

விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்தால், குப்புறப் படுத்து விளையாடட்டும். கழுத்துக்கும் தோளுக்கும் வலு வரும். தானாகவே இரு பக்கமும் புரளப் பழகிய பிறகு, தூக்கத்தில் புரண்டால் திருப்பிப் போட வேண்டியதில்லை.

மல்லாந்து உறங்கியே பழகிய குழந்தையைப் புதிதாக ஒருவர் குப்புறப் போடும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது. ஆகவே ஒரு மணி நேரமே ஆனாலும், யாரிடம் குழந்தையை விட்டுப் போனாலும், பால் கொடுக்கும் நேரத்தைச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

வணக்கம்.