களஞ்சியத்தைத் திறந்த மன்னர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மன்னனின் பெருமை வென்ற நிலத்திலா, காத்த குடியிலா என்பது இன்றைய வழக்கு. குடியில்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் பண்டைய கொரியாவின் கோகுர்யோ நாட்டு மன்னர் குவாங்கேத்தோவை அழைத்துவந்தார். 414இல் நட்ட, ஆறு மீட்டருக்கும் உயரமான கல்லில் 64 கோட்டைகள், 1,400 ஊர்கள் வென்றதாகப் பொறித்திருக்கிறது என்று முழங்கினார். மறுக்கவில்லை. நாடு செழித்தது, தானியம் விளைந்தது என்றும் அதே கல் சொல்கிறது. விளைந்த ஆண்டில் யார் வேண்டுமானாலும் ஆளலாம், நடுவர் அவர்களே! விளையாத ஆண்டில் என்ன செய்தாய் என்பதல்லவா கேள்வி? அதற்கு விடை சொல்ல என் தரப்பில் ஒருவர் இருக்கிறார். அதே கொரிய மண்ணில், 501 முதல் 523 வரை பேக்ஜே நாட்டை ஆண்ட முர்யோங்.

அவர் கைக்கு வந்த நாட்டைப் பாருங்கள். 475இல் கோகுர்யோ படை தலைநகர் ஹன்சோங்கைப் பிடித்து மன்னர் கேரோவைக் கொன்றது. மிஞ்சியவர்கள் தெற்கே உங்ஜினுக்குப் பெயர்ந்தார்கள். அங்கே 26 ஆண்டுகளில் மூன்று மன்னர்கள். அவர்களில் இருவரைச் சொந்த அவையினரே தீர்த்துக்கட்டினார்கள். இரத்தம் காயாத அந்த அரியணையில்தான் முர்யோங் ஏறினார்.

506 வசந்தத்தில் கொள்ளைநோய். மூன்றாம் மாதம் முதல் ஐந்தாம் மாதம் வரை மழையே இல்லை. நீர்நிலைகள் வற்றின. எல்லையில் பகைவன் நிற்கையில் களஞ்சியத்துத் தானியம் யாருக்கு? படைக்கு என்று சொல்லியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். முர்யோங் களஞ்சியத்தைத் திறந்து பசித்தவர்களுக்குக் கொடுத்தார். 510இல் நீர்க்கரைகளைப் பலப்படுத்தவும், பிழைப்பின்றித் திரிந்தவர்களை உழவுக்குத் திருப்பவும் ஆணையிட்டார்.

அவரும் போரிட்டாரே என்பீர்கள். போரிட்டார். கோகுர்யோவைப் பலமுறை வென்றோம் என்று 521இல் சீனத்து லியாங் பேரரசருக்குத் தெரிவித்தார். ஆனால் வயிறு காய்ந்த குடியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் எல்லையைக் காக்க முடியும்? அந்த வெற்றிக்கும் அடியில் இருப்பது அந்தக் களஞ்சியம்தான்.

1971இல், அன்றைய உங்ஜினான கோங்ஜுவில் வடிகால் வேலை நடந்தபோது, கள்வர் கைபடாத அவருடைய கல்லறை வெளிப்பட்டது. அங்கிருந்த பொன்னை விடுங்கள். நுழைவழியில் இருந்த கற்பலகையைப் பாருங்கள். மன்னரைப் புதைக்கும் இடத்தை மண்ணின் தெய்வங்களிடம் 10,000 காசுக்கு வாங்கியதற்கான பத்திரம் அதில் பொறித்திருக்கிறது. மேலே இரும்புக் காசுகளையும் வைத்திருந்தார்கள். சீனத்திலிருந்து வந்த சடங்குதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நாடே தமதாக இருந்தவர் தம் கல்லறை நிலத்துக்கு விலை கொடுத்திருக்கிறார். அந்த 64 கோட்டைகளுக்கு என்ன விலை, அதை யார் கொடுத்தார்கள் என்று எதிரணி நண்பர் அடுத்த சுற்றில் சொல்லட்டும். கேட்டபின் தீர்ப்பளியுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.