சஸ்குவஹானா கரையோரம் 147ஆம் எண் சாலை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சாலையைப் பற்றி இன்று பேசப் போகிறேன். மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்குக்கு வடக்கே, சஸ்குவஹானா ஆற்றின் கிழக்குக் கரையோரமாகப் போகும் மாநில நெடுஞ்சாலை அது. எண் 147. நெடுஞ்சாலை என்றதும் ஆறு தடங்கள், சுங்கச்சாவடி என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்லும் பகுதியில் பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம், நடுவே மஞ்சள் கோடு. அவ்வளவுதான். கிளார்க்ஸ் ஃபெரி பாலத்தருகே தொடங்கி ஹாலிஃபாக்ஸ், மில்லர்ஸ்பர்க், ஹெர்ண்டன் ஊர்களைத் தொட்டுக்கொண்டு சன்பரிக்குப் போகிறது. நிதானமாக ஓட்டினால் ஒரு மணி நேரப் பயணம்.

இந்தச் சாலையில் எந்த இடமானாலும் காலுக்குக் கீழே என்ன பாறை இருக்கிறது என்பதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே சொல்லிவிடலாம். அதற்கு நிலவியல் படித்திருக்க வேண்டியதில்லை. உழுத நிலம் தெரிந்தால் கீழே மெத்தென்ற களிப்பாறை. காடு மூடிய மலை எதிரே வந்தால் கெட்டியான மணற்பாறை. வயல் எங்கே, காடு எங்கே, ஊர் எங்கே, சாலை எங்கே வளைய வேண்டும் என்பதையெல்லாம் பெரும்பாலும் அந்தப் பாறைதான் முடிவு செய்திருக்கிறது.

சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்கக் கண்டத்தட்டு வட அமெரிக்கத் தட்டின் மீது மோதியது. படிந்து கிடந்த பாறை அடுக்குகள், ஈரத் துணியை இரண்டு பக்கமும் தள்ளினால் மடிவதுபோல மடிந்தன. பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையும் வெள்ளமும் அரித்தன. களிப்பாறை சீக்கிரம் கரைந்து பள்ளத்தாக்கானது. மணற்பாறை அசையாமல் நின்று நீண்ட மலைத்தொடரானது. அதனால்தான் இங்குள்ள மலைகள் சிகரம் சிகரமாக இல்லாமல், உச்சி ஏறக்குறைய ஒரே மட்டமாக, நீளச் சுவர்போல மைல் கணக்கில் போகின்றன.

ஆறு அந்தச் சுவர்களின் ஓரமாக ஒதுங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. ஹாரிஸ்பர்குக்கு வடக்கே அது ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து மலைத்தொடர்களைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வருகிறது. இந்த ஆற்றுக் கணவாய்களை 1968இல் அமெரிக்க அரசு தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்தது. ஆறு ஏன் இப்படிக் குறுக்கே வெட்டியது என்பது ஒரு நூற்றாண்டுக்கும் மேலான விவாதம். வில்லியம் மோரிஸ் டேவிஸ் என்ற புவியியலாளர் 1889இலேயே பென்சில்வேனிய ஆறுகளைப் பற்றி விரிவாக எழுதினார். 1931இல் டக்ளஸ் ஜான்சன் என்ற இன்னொரு ஆய்வாளர் வேறொரு விளக்கம் தந்தார். ஒரு காலத்தில் இந்த மடிப்புகளை எல்லாம் கடல் படிவுகள் மூடியிருந்தன, ஆறு அந்தப் படிவின் மேல் தன் வழியை அமைத்துக்கொண்டு, அதே வழியில் கீழே இறங்கி இறங்கிக் கெட்டிப் பாறையையும் அறுத்துவிட்டது என்பது அவர் வாதம். பாறையில் ஏற்கெனவே விரிசல் விட்டுப் பலவீனமாக இருந்த இடங்களைத்தான் ஆறு தேடிப் பிடித்தது என்பாரும் உண்டு. எனக்கு இந்த விரிசல் கருத்தின் மீதுதான் சாய்வு. ஆனால் ஐந்து கணவாய்களும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் நிற்பதைப் பார்க்கும்போது, ஜான்சனை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

சரி, சாலைக்கு வருவோம். பீட்டர்ஸ் மலையின் அடிவாரத்தில் 147 தொடங்குகிறது. இதே ஹாலிஃபாக்ஸுக்கு வர இன்னொரு வழியும் உண்டு, 225ஆம் எண் சாலை. அது மலைமேல் ஏறி இறங்கி வரும். லாரிகள் கியரைக் குறைத்து மூச்சுவாங்கிக்கொண்டு ஏறும். 147க்கு அந்தத் தொல்லை இல்லை. ஆறு அறுத்துக் கொடுத்த வாசல் வழியாகச் சமதளமாகவே உள்ளே நுழைந்துவிடுகிறது.

ஹாலிஃபாக்ஸ் வந்ததும் நிலம் விரிகிறது. மண் சிவந்திருக்கும். சோளம், சோயா, வைக்கோலுக்கான புல் என்று மாற்றி மாற்றிப் பயிரிடுகிறார்கள். சரிவான நிலத்தில் ஒரு பட்டை சோளம், அடுத்த பட்டை புல் என்று மேட்டின் வளைவை ஒட்டியே உழுதிருப்பார்கள். மழைநீர் மண்ணை அடித்துக்கொண்டு போகாமலிருக்க அந்த ஏற்பாடு. பண்ணைக் கொட்டகைகளையும் கவனியுங்கள். மேட்டில் ஒட்டிக் கட்டியிருப்பார்கள். மேட்டுப் பக்கமிருந்து வண்டி நேராக மேல்தளத்துக்குள் ஏறி வைக்கோலை இறக்கும். தாழ்வான பக்கம் கீழ்தளத்தில் மாடுகள். மேலிருந்து தள்ளினால் தீவனம் மாட்டின் முன்னால் விழும். ஒரு சரிவை இவ்வளவு அழகாகப் பயன்படுத்திய கட்டடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஹாலிஃபாக்ஸுக்கும் மில்லர்ஸ்பர்க்குக்கும் நடுவே பெர்ரி மலை. இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வயல்கள் சட்டென்று முடிந்துவிடும். வலப்பக்கம் பாறையும் மரமும், இடப்பக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் ஆறு. 19ஆம் நூற்றாண்டில் விக்கோனிஸ்கோ கால்வாயும் இதே இடுக்கு வழியாகத்தான் போனது. ஆறு, கால்வாய், ரயில், சாலை எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வாசல்தான். இலையுதிர் காலக் காலை வேளைகளில் குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான ஆற்று நீர் மேல் படிந்து மூடுபனி எழும். ஹாலிஃபாக்ஸில் வெயிலாக இருக்கும், கணவாய்க்குள் ஐம்பது அடிக்கு அப்பால் தெரியாது. அப்போது முகப்பு விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்தினால் பனியில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணிலேயே திரும்ப அடிக்கும்.

மில்லர்ஸ்பர்கில் ஆறு ஏறக்குறைய ஒரு மைல் அகலம், ஆனால் ஆழம் மிகக் குறைவு. பின்பக்கம் துடுப்புச் சக்கரம் சுழலும் மரப் படகுகள் அங்கே இன்னும் கார்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்கின்றன. படகு தரைதட்டாமல் போகக் குறுக்கே ஒரு தாழ்ந்த கல்வரிசையைப் போட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்தியிருக்கிறார்கள். வெயில் மாதங்களில், அதுவும் தண்ணீர் போதுமான அளவு இருக்கும்போதுதான் இந்தப் படகு ஓடும்.

இனி ஓட்டுவதைப் பற்றி. இங்கிருந்து கிழக்கே லைக்கன்ஸ் பள்ளத்தாக்கில், பழைய முறையிலேயே வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் குடும்பங்கள் இருக்கின்றன. 1970களில் லங்காஸ்டர் பக்கம் நிலம் கிடைக்காமல் இங்கே வந்து குடியேறினார்கள். கார் வைத்துக்கொள்வதில்லை, குதிரை வண்டிதான். பின்னால் ஆரஞ்சு நிற முக்கோணம் மாட்டியிருக்கும். மெதுவாகப் போகும் வண்டி என்று அதற்குப் பொருள். டிராக்டரிலும் அதே முக்கோணம்தான்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். நீங்கள் மணிக்கு 88 கிலோமீட்டர், அதாவது 55 மைல் வேகத்தில் போகிறீர்கள். குதிரை வண்டி மணிக்கு 13 கிலோமீட்டர் போகிறது. மேடு ஏறியதும் 150 மீட்டர் தூரத்தில் அதைப் பார்க்கிறீர்கள். அதன் மேல் மோத ஏழு விநாடிக்குச் சற்றே கூடுதல் நேரம்தான் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் பார்த்து, புரிந்து, பிரேக் அழுத்த வேண்டும். ஆகவே முக்கோணம் கண்ணில் பட்ட அந்தக் கணமே காலை எடுங்கள். பின்னாலேயே பொறுமையாகப் போங்கள். ஹாரன் அடிக்க வேண்டாம், குதிரை மிரளும். மஞ்சள் கோடு விட்டு விட்டு இருக்கும் இடத்தில், எதிரே நன்றாகத் தெரிந்த பிறகு, அகலமாக ஒதுங்கி முந்துங்கள். வண்டிக்குள் பெரும்பாலும் குழந்தைகளும் இருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகஸ்டில் இன்னொரு ஆபத்து. சோளம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிடுவதால் குறுக்குச் சாலைகளில் எதுவுமே தெரியாது. கிளைச் சாலையிலிருந்து வருகிறவர் உங்களைப் பார்க்க வேண்டுமானால் அவர் வண்டியின் மூக்கு சாலைக்குள் நீட்டியாக வேண்டும். அறுவடைக் காலத்தில் டிராக்டர் சக்கரத்தோடு வந்த சேறு தார்மேல் கிடக்கும், மழைத்தூறல் பட்டால் வழுக்கும். அக்டோபர், நவம்பரில் மான்கள். அது இணைசேரும் பருவம், அந்தி நேரத்தில் ஓடி வரும். ஒரு மான் கடந்துவிட்டது என்று வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள், பின்னாலேயே இன்னொன்று வரும்.

முதல்முறை போகிறவர்கள் சன்பரியிலிருந்து தெற்கு நோக்கி வாருங்கள் என்பேன். அப்படி வந்தால் ஆறு உங்கள் பக்கத்துத் தடத்தை ஒட்டி இருக்கும், மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வந்து வழிவிடும். ஆமிஷ் மக்கள் வழிபாட்டுக்குப் போகும் ஞாயிறு காலையில் குதிரை வண்டிகள் அதிகம், அன்று போனால் நேரத்தைத் தாராளமாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.